சிவப்பு உடையா, சூட்கேஸா, பஸ்ஸா: பூர்வகுடிப் பெண்களின் பாதுகாப்புக்கு ஒரு சேவைக் கழகம் எதைத் தேர்வது?

"எங்கள் கழகத்தில் முப்பது பேர். ஆண்டு முடிவில் ஆறாயிரம் டொலர் மிஞ்சும். கனடாவின் பூர்வகுடிப் பெண்களின் பாதுகாப்புக்காக இந்த ஆண்டு ஏதாவது செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதோடு ஒற்றுமை முடிந்தது."

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு சேவைக் கழகத்தின் செயலாளர் இப்படி எழுதியிருந்தார். தலைவருக்குச் சிவப்பு உடைகள் தொங்கவிடும் நிகழ்வு வேண்டும். பொருளாளருக்கு ஒரு பெண்கள் தங்குமிடத்துக்குக் காசோலை கொடுத்தால் போதும். கழகத்தில் சேர்ந்திருக்கும் இளம் சட்டத்தரணி, அரசுக்குக் கடிதம் எழுதுவதே வேலை என்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புலமைப்பரிசிலைவிட்டு இறங்கி வருவதாக இல்லை. மூன்று கூட்டம் முடிந்தும் இழுபறிதான்.

லயன்ஸ் கழகத்து நண்பர் ஒருவரும் ரோட்டரியில் இருக்கும் என் மைத்துனரும் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தார்கள். நான் பதினொரு ஆண்டுகளாக இப்படியொரு கழகத்தில் கணக்குப் பார்க்கிறவள். இந்த நான்கையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். இரண்டைக் கெடுத்தும் இருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பின்னணியை அறியாதவர்களுக்கு ஒரு பத்தி. கனடாவில் பூர்வகுடிகள் என்றால் முதற்குடிகள், இனுவிட், மேத்தி ஆகிய மூன்று மக்கள். 1980 முதல் 2012 வரை 1,017 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டதாகவும், அதைவிட 164 பேர் இன்னும் காணாமற்போனோர் பட்டியலில் இருப்பதாகவும் மத்தியப் பொலிஸ் 2014 இல் கணக்குக் காட்டியது. நாட்டின் பெண்களில் 4.3 சதவீதமாக இருந்தவர்கள், கொலையுண்ட பெண்களில் 16 சதவீதமாக இருந்தார்கள். இது பொலிஸ் பதிவேட்டில் ஏறிய கணக்கு மட்டும். தேசிய விசாரணை 2016 இல் தொடங்கி, 2019 ஜூன் 3 அன்று 231 'நீதிக்கான அழைப்புகளோடு' அறிக்கை தந்தது. கழகத்தில் யாரும் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்கப்போவதில்லை; 4.7, 4.8, 15.8 ஆகிய மூன்று அழைப்புகளையாவது படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: இதைக் கேட்டது யார்? பூர்வகுடிப் பெண்களே நடத்தும் அமைப்பு ஒன்று கேட்டதா, அல்லது நம் கூட்டத்தில் யாருக்கோ தோன்றியதா? நல்ல யோசனைதானே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: யாருடைய இரவு மாறும்? இந்தச் செயலால் இன்றிரவோ அடுத்த ஆண்டோ ஒரு பெண் முன்னைவிடப் பத்திரமாக வீடு சேர்வாளா? பதில் 'நேரடியாக இல்லை' என்றாலும் பரவாயில்லை. ஆனால் அதை மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: வேலை யார் தலையில் விழுகிறது? மறைமுகச் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாம் 'உதவி' என்று நினைப்பது, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகத்துக்கு இன்னொரு நாள் வேலையாகப் போய் விழும்.

நான்காவது, கழகத்தின் மூச்சு. ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஆண்டு ஜூலை 1 அன்று புரள்கிறது. தலைவர் மாறுகிறார், அவரோடு ஆண்டின் கருப்பொருளும் மாறுகிறது. போன ஆண்டு நீரிழிவு, இந்த ஆண்டு பூர்வகுடிப் பெண்கள், அடுத்த ஆண்டு மரம் நடுகை. பாதுகாப்பு என்பது ஜூலை கணக்குக்கு அடங்குகிற விஷயம் இல்லை.

ஐந்தாவது, சட்டம். இது கடிதம் எழுதும் பகுதியில் வருகிறது.

| வழி | பலன் தெரியும் காலம் | வெளியே தெரியாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| நினைவு நிகழ்வு | அன்றைக்கே, ஆனால் பாதுகாப்பில் அல்ல | குடும்பங்களின் மனப் பாரம், மூதாளருக்கான (பூர்வகுடிப் பெரியவருக்கான) காணிக்கை | அழைப்பு வந்திருந்தால் |
| தங்குமிட உதவி | அதே வாரம் | தரம்பிரிக்கும் வேலை, நிபந்தனைப் பணம் | கையில் பணம், நேரம் குறைவு |
| கடிதமும் அழுத்தமும் | ஆண்டுகள் | பொறுமை, கட்சி அரசியலில் சிக்கும் ஆபத்து | மூன்று ஆண்டாவது ஒரே குழு இருந்தால் |
| புலமைப்பரிசில் | நான்கைந்து ஆண்டுகள் | தெரிவு வேலை, விண்ணப்பக் கேள்விகள் | தொடர் நிதி இருந்தால் |

## சிவப்பு உடையும் மெழுகுவர்த்தியும்

மேத்தி கலைஞர் ஜெய்மி பிளாக் 2010 இல் தொடங்கியது சிவப்பு உடைத் திட்டம். வெறும் சிவப்புக் கவுன்கள் மரக்கிளையிலோ கம்பியிலோ தொங்கும், உள்ளே ஆள் இருக்காது. காற்றடிக்கும்போது அவை அசைவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. இப்போது மே 5 நாடெங்கும் சிவப்பு உடை நாள். ஒக்டோபர் 4 அன்று காணாமற்போனவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்குமான விழிப்பு நிகழ்வுகள் நடக்கின்றன. ரொறன்ரோவில் அலன் கார்டன்ஸ் பூங்காவில் கூடுவார்கள். பெப்ரவரி 14 அன்று கொலேஜ் வீதிப் பொலிஸ் தலைமையகத்தின் முன்னால், பனியில் நின்று, தண்ணீரும் ஸ்ட்ரோபெரிப் பழமும் பகிர்ந்து நினைவுகூருகிறார்கள். வன்கூவரில் அதே நாளில் நடக்கும் பெண்கள் நினைவு ஊர்வலம் 1992 இலிருந்து தொடர்கிறது.

முகமில்லாத பொம்மைகளும் உண்டு. கனடா பூர்வகுடிப் பெண்கள் சங்கம் 2010 வரை தானே தேடித் தொகுத்த பெயர்கள் 582. அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத் துணிப் பொம்மைகள் செய்து, 2012 இல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தைக்கத் தெரிந்தவர்கள் உள்ள கழகத்துக்கு இது இலகுவில் பிடித்துப்போகும். கை வேலையாக இருக்கும்போது வாயும் மனமும் திறக்கும் என்பது எந்தத் தையல் வகுப்பிலும் தெரிந்த விஷயம்.

இப்போது நாங்கள் கெடுத்த கதை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழகம் சொந்தமாக ஒரு விழிப்பு நிகழ்வு ஏற்பாடு செய்தது. யாரும் கேட்கவில்லை; எங்களுக்குத் தோன்றியது. மகளை இழந்த ஒரு தாயைப் பேச அழைத்தோம். சட்டகத்தில் போட்ட மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எங்கள் படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், "அம்மா, படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், முகத்தை மறைக்கிறது" என்றார். அவர் உயர்த்தினார். பின்னால் எங்கள் கழகத்தின் பதாகை.

மண்டபத்தில் இருந்த எங்களில் பாதிப் பேருக்கு அந்த அசைவு தெரியும். 2017 இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்திருந்த தாய்மாரிடமும் யாரோ ஒருவர் அப்படித்தான் சொன்னார்கள். அதை எத்தனையோ முறை திட்டித் தீர்த்த நாங்களே, இங்கே கமராவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

ஆகவே செலவுக் கணக்கில் மண்டப வாடகையோடு இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: பேச வருகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்து, மதிப்பூதியம், சாப்பாடு, பேசி முடித்த பிறகு அவர் தனியாக இருக்க ஒரு அறை, படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிய சம்மதம். மூதாளர் ஒருவரை அழைப்பதென்றால் ஒன்ராறியோவின் பல முதற்குடிகளிடையே சிறு துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்பது முறை. மின்னஞ்சலில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மரியாதையில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வழி எப்போது நல்லது? உங்கள் ஊரில் பூர்வகுடி அமைப்பு ஒன்று ஏற்கெனவே விழிப்பு நடத்துகிறது, கதிரை போடவும் தேநீர் ஊற்றவும் வீதி ஓரத்தில் வாகனங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கேட்கிறது என்றால், முப்பது பேர் கொண்ட கழகம் பொன்னுக்குச் சமம். சொந்த மேடை போடுவதற்கு நான் இனி வாக்களிக்க மாட்டேன்.

## காசோலையும் சூட்கேஸும்

ரொறன்ரோவில் அந்துயான் என்ற தங்குமிடம் 1973 இலிருந்து இருக்கிறது. ஓஜிப்வே மொழியில் 'எங்கள் வீடு' என்று பொருள். அந்தப் பத்தாண்டில் நகரங்களில் பூர்வகுடிப் பெண்கள் தமக்கென்று அமைப்புகளைக் கட்டியதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது: 1985 வரை, முதற்குடி அல்லாத ஓர் ஆணை மணந்த முதற்குடிப் பெண், முதற்குடி என்ற தன் சட்டபூர்வ அந்தஸ்தை இழந்தாள், வெளிப் பெண்ணை மணந்த ஆண் இழக்கவில்லை. அந்தஸ்தோடு சொந்த ஊரில் வாழும் உரிமையும் போனது. போக வீடில்லாதவளுக்கு அடி வாங்கிய இரவில் எந்தக் கதவு? இப்படிப் பார்த்தால்தான் தங்குமிடத்துக்குக் கொடுப்பது வெறும் தானமில்லை என்பது புரியும். அழைப்பு 4.7 இதையே கேட்கிறது: பூர்வகுடிகளே நடத்தும் தங்குமிடங்களுக்கு நிலையான, நீண்டகால நிதி.

ஆறாயிரம் டொலருக்கு மிக விரைவில் பலன் தரும் வழி இதுதான். கேள்வி எப்படிக் கொடுப்பது என்பதில்.

நாங்கள் கெடுத்த இரண்டாவது கதை இங்கே. ஒரு தங்குமிடத்துக்குத் துணி சேகரித்தோம். பதினொரு கறுப்புப் பைகள். உள்ளே என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அங்குள்ள ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். கோபமே இல்லாத குரல். அதுதான் இன்னும் உறைத்தது. ஒரு ஊழியர் ஒரு முழு நாள் தரம்பிரித்ததாகவும், ஒரு பையில் சரிகை பிய்ந்த கலியாணச் சேலை இருந்ததாகவும், மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார். "சரி, என்ன தேவை?" என்று அப்போதுதான், பைகள் போன பிறகுதான், கேட்டோம். அவர் சொன்ன பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன்: புதிய உள்ளாடை, எல்லா அளவிலும். பலசரக்குக் கடைப் பரிசு அட்டைகள். பயண அட்டையில் போட்ட பணம். கைப்பேசி சார்ஜர். சக்கரம் வைத்த சூட்கேஸ்.

சூட்கேஸ் எதற்கு என்று கேட்டேன். "இங்கே வருகிறபோதும் போகிறபோதும் குப்பைப் பையில் தங்கள் வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உங்கள் துணியும் குப்பைப் பையில்தானே வந்தது" என்றார்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது இந்தத் தரம்பிரிக்கும் வேலை. இரண்டாவது நிபந்தனை. 'கழகத்தின் பெயர் போட்ட அறைக்கு மட்டும்', 'குழந்தைகள் விளையாட்டுக்கு மட்டும்' என்று கட்டிக் கொடுத்த பணத்தால் கொதிகலனைத் திருத்த முடியாது, இரவு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கணக்குப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன், நிபந்தனையில்லாத மூவாயிரம் நிபந்தனையுள்ள ஆறாயிரத்தைவிடப் பெரியது. மூன்றாவது, பெரிய காசோலை அட்டையோடு எடுக்கும் படம். பல தங்குமிடங்களின் முகவரி வெளியே சொல்லப்படுவதில்லை. ஒரு பெண்ணைத் தேடி அலைகிறவனுக்கு வாசற்படியின் நிறம்கூட உதவும். படம் வேண்டுமென்றால் உங்கள் மண்டபத்தில் எடுங்கள்.

பணமாகக் கொடுப்பதில் சட்டப் பக்கமும் உண்டு. கழகம் ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாகவோ, அதன் பணம் அப்படியொரு அறக்கட்டளை வழியாகவோ போகிறது என்றால், பெறுகிற அமைப்பின் பதிவு நிலையை முதலில் பாருங்கள். பெறுகிறவரும் பதிவுபெற்ற தொண்டு என்றால் வேலை இலகு. பதிவில்லாத சிறு குழு என்றால் 2022 இல் வந்த சட்டத் திருத்தத்தின் பின் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் கொடுப்பவர் கண்காணிப்பும் ஆவணமும் வைத்திருக்க வேண்டும். இந்த ஆவணச் சுமையையும் அந்தச் சிறு குழுவின் தலையில் கட்டாமல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் தவிர இன்னொரு கதவும் இருக்கிறது. ஒன்ராறியோவில் பூர்வகுடிப் பெண்களுக்கென்றே இரவு பகலாக இயங்கும் 'டோக் ஃபோர் ஹீலிங்' உதவித் தொலைபேசி. பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்தில் அதன் அட்டையை ஒட்ட உங்கள் உறுப்பினர்களின் கடைகளையும் உணவகங்களையும் மண்டபங்களையும் கேட்கலாம். செலவு அச்சுக்கூலி மட்டும். ஸ்காபரோவில் இருந்துகொண்டு எத்தனை உணவகக்காரரை நமக்குத் தெரியாது?

## கடிதமும் பஸ்ஸும்

கழகங்கள் அதிகம் தட்டிக்கழிப்பது இந்த வழியைத்தான். என் கணிப்பில் அதிகம் மாற்றியதும் இதுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில் பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூப்பர்ட் வரை ஓடுகிறது 16ஆம் இலக்க நெடுஞ்சாலை. ஏறத்தாழ 720 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதைவிடச் சற்றுக் குறைவு. இடையில் காடு, மலை, முதற்குடிகளின் சிற்றூர்கள். மருத்துவரைப் பார்க்க, கடைக்குப் போக, வேலைக்குப் போக அடுத்த ஊருக்குத்தான் போகவேண்டும். கார் இல்லாதவர்கள் வீதியோரம் நின்று போகிற வாகனத்தைக் கைகாட்டி மறித்து ஏறினார்கள். அப்படி ஏறியவர்களில் சிலர் போய்ச் சேரவில்லை. அந்த நெடுஞ்சாலையிலும் அதையொட்டிய பெருவீதிகளிலும் 1969 முதல் 2006 வரை நடந்த 18 கொலைகளையும் காணாமற்போதல்களையும் பொலிஸின் ஒரு தனிப் பிரிவு விசாரிக்கிறது. அந்தப் பாதைக்கு மக்கள் வைத்த பெயர் கண்ணீர் நெடுஞ்சாலை.

2006 மார்ச்சில் பிரின்ஸ் ஜோர்ஜில் முதற்குடிகள் முன்னின்று ஒரு மாநாடு நடத்தினார்கள். 33 பரிந்துரைகள் வந்தன. அதில் முக்கியமான ஒன்று, ஊர்களை இணைக்கும் ஒரு பஸ். விண்கலம் இல்லை, பஸ். 2012 டிசம்பரில் மாகாணத்தின் காணாமற்போன பெண்கள் விசாரணை ஆணையமும் இதை அவசரமாகச் செய்யச் சொன்னது. 2015 ஒக்டோபரில், அந்த நெடுஞ்சாலை பற்றிய கூட்டங்கள் தொடர்பான மின்னஞ்சல்கள் போக்குவரத்து அமைச்சில் அழிக்கப்பட்டதை மாகாணத் தகவல் ஆணையர் அம்பலப்படுத்தினார். பஸ் ஓடத் தொடங்கியது 2017 இல். கட்டணம் ஐந்து டொலருக்குள். கைப்பேசி அலை எட்டாத இடங்களுக்குக் கோபுரம் கட்ட 2021 இல்தான் பணம் ஒதுக்கப்பட்டது.

ஒரு பஸ்ஸுக்குப் பதினொரு ஆண்டுகள். ஜூலை 1 இல் தலைவர் மாறும் கழகத்தின் கணக்கில் பதினொரு தலைவர்கள். அந்தப் பதினொரு ஆண்டும் கடிதம் எழுதியவர்கள், அமைச்சர் அலுவலக வாசலில் காத்திருந்தவர்கள், ஒவ்வொரு தேர்தலிலும் அதே கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்களின் பெண்களும் குடும்பங்களும். அவர்களுக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட ஊர்ச் சபைகளும் கழகங்களும் தேவைப்படுகின்றன. உள்ளூர்க் கடைக்காரர்களும் கணக்காளர்களும் மருத்துவர்களும் நிறைந்த ஒரு சேவைக் கழகத்தின் கடிதத்தை ஒரு பாராளுமன்ற உறுப்பினர் குப்பையில் போடத் தயங்குவார். நமக்கு இருக்கும் செல்வாக்கு அவ்வளவுதான், அதையாவது செலவழிக்கலாம்.

'எங்கள் கழகம் அரசியலில் தலையிடாது' என்று உடனே ஒருவர் எழுந்து சொல்வார். எழுந்தவரை உட்காரவைக்க ஒரு தகவல். கனடாவின் தொண்டு நிறுவனச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. தன் நோக்கத்தோடு தொடர்புடைய பொதுக் கொள்கை பற்றி ஒரு தொண்டு நிறுவனம் தாராளமாகப் பேசலாம், எழுதலாம், கோரலாம். கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான் கூடாது. ரோட்டரிக் கழகம் என்றால் அதன் விதியைத் தனியாகப் படித்துவிட்டு எழுதுங்கள்; அது கட்சி சார்ந்த அறிக்கைகளைத் தடுப்பதோடு நிற்பதில்லை.

ஆனால் அந்தக் கோடு சில நேரம் நம் காலடியிலேயே நகரும். மனிட்டோபாவின் வினிபெக்கில் கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் பிரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் கிடக்கின்றன என்று பொலிஸ் நம்பியது. தோண்டித் தேடுங்கள் என்று குடும்பங்கள் மன்றாடின. 2023 மனிட்டோபா தேர்தலில் அப்போதைய ஆளும் கட்சி, 'தோண்டமாட்டோம்' என்பதையே விளம்பரமாக்கிவிட்டது. அதுவரை மனிதாபிமானக் கோரிக்கையாக இருந்தது ஒரே வாரத்தில் கட்சிக் கோரிக்கை போலத் தோன்றியது. ஆட்சி மாறியது, தேடினார்கள், 2025 இல் இரண்டு பெண்களின் எச்சங்கள் கிடைத்தன. அந்தத் தேர்தல் மாதத்தில் ஒரு கழகம் என்ன செய்திருக்க வேண்டும்? முன்பே எழுதிய கடிதத்தை எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் ஒரே சொற்களில் அனுப்பியிருந்தால் போதும். வாயை மூடியிருப்பதைச் சட்டம் கேட்கவில்லை.

என்ன கேட்டு எழுதுவது? இங்கேதான் அந்த எண்கள். 4.8, ஒதுங்கிய ஊர்களுக்குப் பத்திரமான, கட்டுப்படியாகும் போக்குவரத்து. 4.7, தங்குமிட நிதி. 15.8, அரசுகள் இவற்றைச் செய்கின்றனவா என்று கணக்குக் கேட்கும் கடமை எல்லாக் கனேடியர்களுக்கும் உண்டு என்கிறது. 2023 இல் கனடாவின் பொது ஒலிபரப்பான சீபீசீயின் செய்திப் பிரிவு எடுத்த கணக்கின்படி 231 இல் முடிந்தவை இரண்டு. பூர்வகுடி அமைப்பு ஒன்று எந்த அழைப்பை இப்போது அழுத்திக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, அதையே பிடியுங்கள். நீங்களாக ஒரு கோரிக்கையைக் கண்டுபிடிக்காதீர்கள்.

மறைமுகச் செலவு பணமல்ல, சலிப்பு. பதில் வராத கடிதத்தைத் தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது எழுதுவதற்குக் கைதட்டல் கிடையாது. ஆண்டறிக்கையில் போடப் படமும் கிடையாது. தலைவர் மாறினாலும் மாறாத மூவர் குழு ஒன்றைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு நியமிக்க முடியாத கழகம் இந்த வழிக்கு வரவேண்டாம். பாதியில் விடப்பட்ட கடிதத் தொடர், அந்த அலுவலகத்துக்கு 'இவர்கள் ஓய்ந்துவிடுவார்கள்' என்று பாடம் சொல்லிக்கொடுக்கும்.

## புலமைப்பரிசில்

ஆசிரியை கோபிக்கக்கூடாது, இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பும் வருமானமும் ஒரு பெண்ணுக்கு மோசமான வீட்டை விட்டு வெளியேறும் கதவைத் திறக்கும், உண்மை. ஆனால் முப்பது பேர் கழகம் சொந்தமாகப் புலமைப்பரிசில் நடத்தினால் விளம்பரம், விண்ணப்பம், தெரிவுக் குழு என்று பாதி ஆண்டு அதிலேயே போகும். விண்ணப்பத்தில் 'நீங்கள் கடந்துவந்த துன்பத்தை 500 சொற்களில் எழுதுக' என்று யாராவது ஒருவர் கேள்வி போடுவார். பணத்துக்காகக் காயத்தைத் திறந்து காட்டச் சொல்கிற கேள்வி அது. அந்தக் கடதாசியைக் கிழித்துப் போடுங்கள்.

பூர்வகுடி மாணவர்களுக்கென்றே உதவித்தொகை வழங்கும் இன்ட்ஸ்பயர் போன்ற நிறுவனத்துக்குப் பணத்தை அனுப்புவது புத்திசாலித்தனம். தெரிவு அவர்கள் கையில். கழகமே கொடுத்தாகவேண்டும் என்றால் பெண்களின் சேவைக் கழகங்களான சொரப்டிமிஸ்ட் கழகங்களின் விருதைப் பாருங்கள். குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் அந்தப் பணத்தைக் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமல்ல, குழந்தைப் பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் செலவிடலாம். இரவு வகுப்பு முடிந்து வீடு திரும்ப டாக்சிக் காசு இருப்பதும் பாதுகாப்புத்தான்.

## ஆண்கள் மட்டும் நிறைந்த கழகம் என்றால்

லயன்ஸ் நண்பருக்காக ஒரு சேர்க்கை. 2011 இல் அதே 16ஆம் நெடுஞ்சாலை அருகே வேட்டைக்குப் போன போல் லசேர்ட் என்பவரும் அவருடைய மகளும் ஒரு மூஸ் மானை வீழ்த்தினார்கள். அதன் தோலைச் சிறு சதுரங்களாக வெட்டி ஆண்களின் சட்டையில் குத்தலாம் என்ற யோசனை அங்கே பிறந்தது. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்கள் நிற்பதற்கான அடையாளம். மூஸ் தோல் இயக்கம் இன்று நாடெங்கும் இருக்கிறது. அட்டையோடு வரும் சதுரத்தைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்தால் 'இது என்ன?' என்று கேட்பார்கள். பதில் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிற உறுப்பினர் ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் பேசாத கழகம், முதலில் அதைப் பேசிவிட்டுத்தான் சதுரத்தைக் குத்தவேண்டும். எந்தக் கழகம் என்று நான் சொல்லவில்லை.

## முப்பது பேர், ஆறாயிரம் டொலர்

செயலாளருக்கு என் பதில் இது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாலாயிரத்து ஐந்நூறை நிபந்தனையில்லாமல் ஒரு பூர்வகுடிப் பெண்கள் தங்குமிடத்துக்கு அனுப்புவேன், ஒரே தவணையில், படமில்லாமல். ஆயிரத்துக்குப் புதிய சூட்கேஸ்கள். ஆனால் அவர்கள் வேண்டும் என்று சொன்னால் மட்டும். மீதி ஐந்நூறு உதவித் தொலைபேசி அட்டைகளுக்கும் கடித மூவரின் தபால், பயணச் செலவுக்கும். இளம் சட்டத்தரணியை அந்த மூவரில் ஒருவராகப் போட்டு, ஜூலையில் யார் தலைவரானாலும் இந்தக் குழு கலையாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

உங்கள் ஊர் வேறாக இருந்தால் கணக்கும் வேறு. பிரின்ஸ் ஜோர்ஜிலோ தண்டர் பேயிலோ உள்ள கழகமாக இருந்து, உறுப்பினர்களில் பூர்வகுடிப் பெண்களும் இருந்தால், நான் சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். உறுப்பினர்கள் எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள், பணம் இல்லை, நேரம் நிறைய என்றால், கடிதம் உங்களுக்கென்றே பிறந்த வேலை.

தலைவருக்குச் சிவப்பு உடை விட்டுப்போனதில் மனக்குறை இருக்கும். அவரை ஒக்டோபர் 4 அன்று அலன் கார்டன்ஸுக்குக் கூட்டிப் போங்கள். ஏற்பாட்டாளர்களுக்கு அதற்கு முந்தின வாரமே எழுதி என்ன வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீர் கேட்டால் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுபோகலாம். பதாகையும் கமராவும் வீட்டில் இருக்கட்டும்.